1681: இளவரசர் அக்பர் அன்றைக்கு அஜ்மீரைப் பிடித்திருந்தால் செஞ்சியின் கதை என்ன ஆகியிருக்கும்?

செஞ்சிக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறிவிட்டு வந்தேன். மேலே நின்று சுற்றிலும் பார்த்தபோது எழுந்த கேள்வி இன்னும் போகவில்லை. முகலாயப் படை இந்த மலையைச் சுற்றி 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டு கிடந்தது. டெல்லி எங்கே, செஞ்சி எங்கே? இவ்வளவு தூரம் அவர்களை எது இழுத்து வந்தது?

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1681 ஜனவரியில், ராஜஸ்தானில், ஓர் இரவில் போய் நிற்கிறது. அவுரங்கசீப்பின் மகன் இளவரசர் அக்பர் (பேரரசர் அக்பர் இல்லை, அவருடைய வம்சத்தில் அதே பெயர் வைக்கப்பட்டவர்) அப்போது 23 வயதுக்காரர். ராஜபுத்திரர்களை அடக்கத் தந்தை அனுப்பிவைத்த மகன், அந்த ராஜபுத்திரர்களோடே சேர்ந்துகொண்டு, நாடோல் என்ற ஊரில் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அவுரங்கசீப் மார்க்க நெறியை மீறிவிட்டார், ஆகவே ஆட்சி உரிமை இழந்துவிட்டார் என்று நான்கு முல்லாக்கள் தீர்ப்பு எழுதிக் கையொப்பமும் போட்டார்கள்.

அவுரங்கசீப் அந்த நேரத்தில் அஜ்மீரில் இருந்தார். படையின் பெரும்பகுதி மேவார், மார்வார் என்ற ராஜபுத்திர நாடுகளில் சிதறிக் கிடந்தது. அவரோடு இருந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்தான் என்கிறார்கள். நாடோலிலிருந்து அஜ்மீர் 190 கிலோமீட்டர் அளவுக்கு வரும். குதிரைப்படை ஐந்தாறு நாளில் போய்விடக்கூடிய தூரம். இளவரசர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்! அதற்குள் அண்ணன் முவஸ்ஸம் விரைந்து வந்து தந்தையோடு சேர்ந்துவிட்டார்.

அப்படியும் போர் நடக்கவில்லை. தேவராய் என்ற இடத்தில் இரு படைகளும் எதிரெதிரே இறங்கின. அங்கேதான் 1659இல் தன் அண்ணன் தாரா ஷிகோவை அவுரங்கசீப் தோற்கடித்திருந்தார். இளவரசரின் வலக்கையாக இருந்த தஹவ்வுர் கானின் மாமனார் அவுரங்கசீப்பின் முகாமில் இருந்தார். வந்துவிடு, வராவிட்டால் உன் குடும்பத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடக்கும் என்று பார் என்று அவர் மூலமாகவே மிரட்டல் கடிதம் போனது. தஹவ்வுர் கான் இரவோடு இரவாகப் போனார். பேரரசரின் கூடார வாசலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதே இரவில் இன்னொரு கடிதம். மகனுக்குத் தந்தை எழுதியதுபோல் ஒரு பொய்க் கடிதம்: ‘நான் சொன்னபடியே ராஜபுத்திரர்களை வலையில் கொண்டுவந்து விட்டாய், சபாஷ்’ என்ற பொருளில். அது ராஜபுத்திரர்களின் கையில் கிடைக்கும்படி போடப்பட்டது. மார்வார் ராஜபுத்திரர்களின் தலைவர் துர்காதாஸ் ராத்தோர் அதை எடுத்துக்கொண்டு இளவரசரின் கூடாரத்துக்கு ஓடினார். தூங்குகிறார், எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, தஹவ்வுர் கானையாவது கேட்போம் என்று ஆளனுப்பினால் அவர் எதிரி முகாமுக்குப் போய்விட்டார் என்று செய்தி. கடிதம் உண்மைதான் என்று முடிவு கட்டி ராஜபுத்திரர்கள் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். இளவரசர் கண் விழித்தபோது உடன் இருந்தவர்கள் சில நூறு பேர்.

இனி என் கேள்வி. இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு வாரத்தில் போயிருந்தால், அல்லது அந்த இரவில் யாராவது அவரை எழுப்பியிருந்தால், நம் ஊர் வரலாறு எப்படிப் போயிருக்கும்? என் கருத்து: முகலாயப் பேரரசு தெற்கே இறங்கியே இருக்காது. உங்கள் எண்ணங்களைச் சொல்லுங்கள்.

எழுத்தாணி எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் முடிவுக்கு மிக வேகமாகப் போய்விட்டீர்கள் நண்பரே.

முதல் சிக்கல் அண்ணன்மார்கள். அஜ்மீரில் அவுரங்கசீப் சிறைப்பட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்காது. முவஸ்ஸமுக்கு 37 வயது, ஆஸமுக்கு 27. இருவர் கையிலும் படை இருந்தது, இருவரும் ராஜஸ்தானிலேயே இருந்தார்கள். மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி முகலாயர்களிடம் கிடையாது. ஷாஜஹானுக்கு 1658இல் நடந்ததுதான் அவுரங்கசீப்புக்கு 1681இலும் நடந்திருக்கும்: ஆக்ரா கோட்டையில் ஒரு கிழத் தந்தை, வெளியே மூன்று மகன்கள் வாளோடு. தம்பிக்காக அண்ணன்கள் ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அந்தச் சண்டை இரண்டு மூன்று ஆண்டு ஓடியிருக்கும். கடைசியில் வென்றவர் முவஸ்ஸமாகவே இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் புர்ஹான்பூர். இதே 1681 ஜனவரி கடைசியில் மராத்தியர் புர்ஹான்பூரின் புறநகர்களைச் சூறையாடினார்கள். தக்காணத்துக்கு வாசல் போன்ற ஊர், பணக்கார வணிகர்கள் குடியிருந்த ஊர். எங்கள் உயிருக்கும் பொருளுக்கும் காவல் இல்லை என்று அவர்கள் பேரரசரிடம் முறையிட்டார்கள். அரியணையில் யார் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்க முடியாது. பீஜப்பூரும் கோல்கொண்டாவும் ஷாஜஹான் காலத்திலேயே குறி வைக்கப்பட்டவை. 1656இல் கோல்கொண்டாவை முற்றுகையிட்டவர் இளவரசராக இருந்த அவுரங்கசீப். ஒரு கலகம் வென்றிருந்தால் இந்தப் பசி நின்றிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதியவன் எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். துர்காதாஸ் ஏமாந்து கிளம்பிப் போய்விட்டார், சரி. அப்புறம் இளவரசர் எப்படித் தப்பித்தார்? ராஜபுத்திரர்கள் அவரை மறுபடியும் நம்பினார்களா?

கார்குழலி எழுதியது:

நம்பினார்கள் தம்பி. இந்தக் கதையில் என்னை எப்போதும் உருக்குவது இந்த இடம்தான்.

இரண்டொரு நாளில் துர்காதாஸுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தாங்கள் விட்டுவிட்டு வந்த ஆளைக் காப்பாற்றுவது இனித் தங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். வடக்கே எல்லாப் பாதையும் அடைபட்டிருந்தது. நர்மதையைக் கடந்து, துரத்திவந்த படைகளுக்கு நடுவே, சிவாஜியின் மகனும் மராத்திய அரசருமான சம்பாஜியின் நாடு வரைக்கும் தானே கூட வந்து சேர்த்தார். அந்த ஜனவரியில்தான் ராய்கட்டில் சம்பாஜிக்கு முடிசூட்டு விழா நடந்திருந்தது. ஐந்தாவது மாதத்தில், தோற்றுப்போன ஒரு முகலாய இளவரசர் அவர் வாசலில் அடைக்கலம் கேட்டு நிற்கிறார்!

இளவரசரின் மகளும் ஒரு மகனும் மார்வாரிலேயே தங்கிவிட்டார்கள். துர்காதாஸ்தான் அவர்களை மறைத்து வைத்து வளர்த்தார். அந்தச் சிறுமிக்குக் குர்ஆன் கற்றுக்கொடுக்க அஜ்மீரிலிருந்து ஒரு முஸ்லிம் ஆசிரியையை வரவழைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பேத்தி தாத்தாவிடம் ஒப்படைக்கப்பட்டாள். இவளுக்கு இனி மார்க்கக் கல்வி கொடுக்க வேண்டும் என்று அவுரங்கசீப் நினைத்தபோது அவள் ஏற்கெனவே குர்ஆனை மனப்பாடமாக ஓதினாளாம். பல ஆண்டு தன்னோடு போரிட்ட எதிரியின் வீட்டில் கற்றது அது.

இன்னொருவரையும் மறக்காதீர்கள். அக்பர் பிறந்து ஒரு மாதத்துக்குள் தாய் தில்ரஸ் பானு இறந்துவிட்டார். அவருக்காகக் கட்டியதுதான் அவுரங்காபாத்தில் இருக்கும் பீபி கா மக்பரா. தாயில்லாத அந்தக் குழந்தைக்குத் தாய்போல் இருந்தவர் அக்கா ஜெபுன்னிசா, 19 வயது மூத்தவர். ‘மக்ஃபி’ என்ற புனைபெயரில் பாரசீகக் கவிதை எழுதியவர் என்று சொல்லப்படுகிறவர். தம்பி விட்டுவிட்டு ஓடிய முகாமில் அவர் எழுதிய கடிதங்கள் சிக்கின. ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் மானியம் நிறுத்தப்பட்டது, சொத்து பறிக்கப்பட்டது, டெல்லி சலீம்கட் கோட்டையில் அடைக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து, அங்கேயே இறந்தார்.

கலகம் வென்றிருந்தால் யார் யாரெல்லாம் பிழைத்திருப்பார்கள் என்று கேட்டால் என் மனதில் முதலில் வருவது அவர்தான். ஷாஜஹான் அரண்மனையில் அவர் மகள் ஜஹானாராவுக்கு இருந்த இடம் இந்த அக்காவுக்குக் கிடைத்திருக்கும். தாராவோடு அணைந்துபோன ஒரு படிப்பு, ஒரு பரந்த மனம் அரசவைக்குத் திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

எழுத்தாணி எழுதியது:

கார்குழலி சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் இளவரசரை இரண்டாம் தாராவாக ஆக்கிவிட வேண்டாம். அவர் அரசுரிமை கோரியதே முல்லாக்களின் தீர்ப்பின் பேரில்தான். தந்தை மதவெறியர் என்று அந்தத் தீர்ப்பு குற்றம் சாட்டவில்லை, நெறி தவறியவர் என்றுதான் சொன்னது. அப்படிப் பட்டம் ஏறியவர் மறுநாளே தலைகீழாக மாறியிருக்க முடியாது.

முஸ்லிம் அல்லாதவர்கள்மேல் போட்ட ஜிஸ்யா வரியை எடுத்திருப்பாரா? 1679 ஏப்ரலில்தான் அதை மீண்டும் விதித்திருந்தார்கள். ராஜபுத்திரர் தயவில் ஆட்சிக்கு வந்தவர் அதை வைத்திருக்க முடியாது, அது உண்மை. நிஜ வரலாற்றில் அது 1713இல்தான் போனது. ஆக ஒரு முப்பது ஆண்டு முன்னதாகப் போயிருக்கும். மார்வார் அதன் வாரிசான அஜித் சிங்குக்குக் கிடைத்திருக்கும். அதுவும் நிஜத்தில் 1707க்குப் பிறகே நடந்தது. இவ்வளவு வரைக்கும் என்னால் உங்களோடு வர முடியும்.

செஞ்சிக்கோட்டை எழுதியது:

எழுத்தாணி ஐயா, அண்ணன்மார் சண்டையை ஒப்புக்கொள்கிறேன். புர்ஹான்பூரையும் ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது மிகையாகிவிட்டது, திருத்திக்கொள்கிறேன். தெற்கே படை வந்திருக்கும். ஆனால் பேரரசு வந்திருக்காது.

இதுதான் என் வாதத்தின் உயிர்நாடி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மராத்தியரோடு முகலாயருக்கு அதற்கு முன்பும் இருபது ஆண்டாகச் சண்டை நடந்தது. அப்போதெல்லாம் ஒரு தளபதியையோ இளவரசரையோ அனுப்பினார்கள், பேரரசர் வடக்கிலேயே இருந்தார். 1681இல் மட்டும் என்ன மாறியது? மகன் சம்பாஜியிடம் இருந்தார். அரியணைக்கு உரிமை கோரிய ஒருவர், கையில் மராத்தியப் படை, பின்னால் ராஜபுத்திரர் ஆதரவு. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் டெல்லி போய்விடும் என்று அவுரங்கசீப்புக்குத் தெரியும், அவரே தந்தையைக் கவிழ்த்து வந்தவர்தானே! ஜூனில் மேவாரோடு அவசரமாகச் சமாதானம். செப்டம்பரில் அஜ்மீரிலிருந்து புறப்பாடு. நவம்பரில் புர்ஹான்பூர். அந்தக் கிழவர் அப்புறம் வடக்கே திரும்பவே இல்லை. 1707இல் அகமத்நகரில் இறந்து குல்தாபாத்தில் அடக்கமானார். 25 ஆண்டு! அரசவை, கருவூலம், அலுவலகம், சந்தை எல்லாம் கூடாரத்தில்.

இன்னொன்று. அந்த இரவுக்குப் பிறகு அவரால் எந்த மகனையும் நம்ப முடியவில்லை. கோல்கொண்டா சுல்தானோடு ரகசியத் தொடர்பு என்று 1687இல் முவஸ்ஸமைச் சிறை வைத்தார், ஏழெட்டு ஆண்டு. கடைசி மகன் காம் பக்ஷ் செஞ்சி முற்றுகைக்கு வந்தவர். இங்கே, இந்த மலைக்குக் கீழே, செஞ்சியில் தஞ்சம் புகுந்திருந்த சம்பாஜியின் தம்பி ராஜாராமோடு பேச்சு வைத்தார் என்று முகலாயத் தளபதியாலேயே பிடித்து அடைக்கப்பட்டார். பிள்ளைகளை நம்பித் தெற்கை ஒப்படைக்க முடியாதவர் தானே வந்து உட்கார்ந்துகொண்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அக்பரோ முவஸ்ஸமோ 1681இல் பேரரசரானால் இந்தக் காரணமே இல்லை. முவஸ்ஸம் தக்காணத்தில் ஆளுநராக இருந்தவர், சுல்தான்களோடு ஒத்துப்போகும் குணம் உள்ளவர். அக்பருக்கோ ராஜபுத்திரரைத் திருப்திப்படுத்தவே பத்தாண்டு ஓடியிருக்கும். 1686இல் பீஜப்பூர் விழுந்திருக்காது, 1687இல் கோல்கொண்டா விழுந்திருக்காது, 1689இல் சம்பாஜி அந்தச் சித்திரவதைக்கு ஆளாகியிருக்க மாட்டார். ராஜாராம் ஏன் செஞ்சிக்கு ஓடி வரப்போகிறார்?

பாலாற்றங்கரை எழுதியது:

நான் காஞ்சிபுரத்துக்காரன். செஞ்சிக்கோட்டை சொல்லும் அந்தத் தொடர் எங்கள் ஊர்க் கோயில் வரை வந்தது.

கோல்கொண்டா விழுந்த மறு ஆண்டு, 1688இல், முகலாயப் படை வருகிறது என்ற அச்சத்தில் வரதராசப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனார்கள். பிணத்தைத் தூக்கிப் போவதுபோல் மறைத்துப் போனதாக எங்கள் பக்கம் சொல்வார்கள். உடையார்பாளையம் காட்டில் பெருமாள் 22 ஆண்டு இருந்தார். ஆபத்து நீங்கியபின் திரும்பக் கேட்டால் அந்த ஊர்ப் பாளையக்காரருக்குத் தர மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயர் போய் முறையிட, லாலா தோடர்மால் படையோடு சென்று மீட்டு வந்தார். 1710இல் பெருமாள் ஊர் திரும்பியதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. இந்தத் தோடர்மால் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானிடம் பணிபுரிந்தவர். மனைவியோடும் தாயோடும் அவர் கும்பிட்டு நிற்கும் செப்புச் சிலைகளைத் திருமலையில் பார்த்திருப்பீர்கள்.

ராஜஸ்தானில் ஒரு கூடாரத்தில் தூங்கிய இளவரசரை எழுப்பியிருந்தால், காஞ்சியில் 22 ஆண்டு உற்சவமூர்த்தி இல்லாமல் போயிருக்காது. சின்ன வயதில் என் பாட்டி ‘பெருமாள் காட்டுக்குப் போன கதை’ என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

துறைமுகத்தான் எழுதியது:

சென்னைப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1681இல் சென்னைப்பட்டினம் கோல்கொண்டாவுக்கு ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை கட்டிக்கொண்டிருந்த ஒரு கடற்கரை ஊர். கோல்கொண்டா விழுந்ததும் எசமான் மாறினார், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் செஞ்சி முற்றுகையால் அரசுகள் எல்லாம் பணத்துக்கு அலைந்தன. 1690இல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் ராஜாராம் தரப்பிலிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபோது அவர்கள் தாக்குப்பிடித்தது அங்கே இருந்துதான். செஞ்சியில் நெருக்கடி இல்லாவிட்டால் அந்த விற்பனையே நடந்திருக்காது.

அடுத்தது ஆர்க்காடு. கர்நாடக நவாப் என்ற பதவியே செஞ்சி முற்றுகையில் முளைத்தது. முற்றுகையை நடத்திய சுல்ஃபிகார் கான், பிறகு தாவூத் கான், பிறகு சாதத்துல்லா கான். அந்தப் பதவிக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் அடித்துக்கொண்டதில்தான் 1751இல் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக்குள் புகுந்தார். நவாப் இல்லையென்றால் நவாப் பட்டத்துக்குச் சண்டை இல்லை. கிளைவுக்கு வேறு வாசல் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம். வங்காளம் தனிக் கதை, அதை இதில் இழுக்க வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் அவர்கள் புகுந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இன்னொரு செய்தி. இந்தக் கலகத்தைப் பற்றி எழுதியவர்களில் நிக்கோலாவோ மனுச்சி என்ற வெனிஸ்காரரும் ஒருவர். முவஸ்ஸமிடம் வைத்தியராக இருந்தவர், பிற்பாடு நம் சென்னையில் வந்து குடியேறினார்.

எழுத்தாணி எழுதியது:

செஞ்சிக்கோட்டை சொன்னதில் ஒரு திருத்தம். பீஜப்பூரும் கோல்கொண்டாவும் அப்போதே உள்ளுக்குள் உளுத்திருந்தன. பீஜப்பூரில் சிறுவன் சிக்கந்தர் பேருக்கு அரசன், பிரபுக்கள் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். கோல்கொண்டாவில் மாதண்ணா, அக்கண்ணா சகோதரர்கள் கையில் நிர்வாகம். அவர்கள்மேல் எவ்வளவு பகை இருந்தது என்பது 1686இல் தெருவிலேயே அவர்கள் கொல்லப்பட்டதில் தெரியும். முகலாயர் வராவிட்டால் இந்த இரண்டும் நூறு ஆண்டு செழித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

என் கணக்கு வேறு. வெற்றிடத்தை நிரப்பியிருக்கப் போகிறவர்கள் மராத்தியர்கள். ராய்கட்டில் சம்பாஜி, செஞ்சியில் அவருடைய ஆட்கள், தஞ்சையில் சித்தப்பா வெங்கோஜி. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோதே அதற்கான கோடு போடப்பட்டுவிட்டது. ஆகவே நவாப் ஆட்சிக்குப் பதில் வடதமிழ்நாட்டில் ஒரு மராத்திய ஆட்சி. தஞ்சை சரசுவதி மகால் போல் செஞ்சியிலும் ஒன்று வந்திருக்குமோ என்று யோசிக்கிறேன். ராணி மங்கம்மாள் முகலாயருக்குத் திறை அனுப்பியதற்குப் பதில் மராத்தியருக்கு அனுப்பியிருப்பார். மதுரைக்கு அதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

கார்குழலி எழுதியது:

ஐயா சொல்வது சரியாக இருந்தால் நாம் ஒன்றை இழந்திருப்போம். தேசிங்கு ராஜனை!

முகலாயர் செஞ்சியைப் பிடித்தபின் கோட்டையை ஒப்படைத்தது சொரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம். அவர் மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. 1714இல் சாதத்துல்லா கானை எதிர்த்து நின்று, நண்பன் மோவுத்துக்காரனோடு போர்க்களத்தில் விழுந்தவன். அவன் பின்னால் மனைவி தீக்குளித்தாள். எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய அந்தப் பாட்டு நடக்கும், மோவுத்துக்காரன் சாகும் இடத்தில் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு புந்தேலா இளைஞனையும் ஒரு முஸ்லிம் நண்பனையும் தமிழ்நாட்டு உழவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக நினைத்து அழுகிறார்கள். அஜ்மீரில் அக்பர் வென்றிருந்தால் சொரூப் சிங் புந்தேல்கண்டிலேயே இருந்திருப்பார், அந்தப் பாட்டும் இருந்திருக்காது. எனக்கு இதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

புதியவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இளவரசர் கடைசியில் என்ன ஆனார்?

செஞ்சிக்கோட்டை எழுதியது:

சம்பாஜியிடம் ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்தார் தம்பி. டெல்லிக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பாஜிக்கு ஜஞ்சிராத் தீவுக் கோட்டையை ஆண்ட ஆப்பிரிக்க வழிவந்த ‘சித்தி’ தலைவர்களோடு சண்டை, கோவாவில் போர்ச்சுக்கீசியரோடு சண்டை, அப்புறம் தலைக்கு மேல் முகலாயப் படை. நேரம் வரவே இல்லை. 1687இல் கொங்கணக் கரையிலிருந்து கப்பல் ஏறினார். மஸ்கட் வழியாகப் பாரசீகம் போனார். ஹுமாயூனுக்குப் பாரசீகம் படை கொடுத்து உதவியதுபோல் தனக்கும் கிடைக்கும் என்று நம்பினார். விருந்தும் மரியாதையும் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. தந்தை இறந்தால் வந்து பார்க்கலாம் என்று காத்திருந்தவர், தந்தைக்கு முந்தின ஆண்டு, 1706இல், பாரசீகத்திலேயே இறந்தார்.

எழுத்தாணி எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று. அவருடைய இன்னொரு மகன் நேகுசியர், கலகம் நடந்தபோது கைக்குழந்தை. ஆக்ரா கோட்டைக்குள் வைக்கப்பட்டவர் அங்கேயே வளர்ந்தார். 1719இல், நாற்பது வயதில், கோட்டைக் காவலர்கள் அவரையே பேரரசர் என்று அறிவித்தார்கள். அவர் பெயரில் காசுகூட அடித்தார்கள். மூன்று மாதத்தில், அப்போது டெல்லி அரசை ஆட்டிவைத்த சையது சகோதரர்களின் படை கோட்டையைப் பிடித்தது.

அவரைக் கொண்டுபோய் அடைத்த இடம் சலீம்கட். அத்தை ஜெபுன்னிசா இருந்த அதே கோட்டை.